சீல் உடையாத பை

வாசகப் பெருமக்கள் எழுந்து நிற்கவும். முடியாதவர்கள் நிமிர்ந்தாவது உட்காரவும்.

நாற்பத்தேழு வயது நிரம்பியவரும், பல்செட் செய்யும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சொந்தக் கணவரையே குத்துமதிப்பாகத்தான் அடையாளம் காணக்கூடியவருமான ஒரு பெண்மணி, ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு மாநகரின் பெரிய ஏரியில் குதித்து, நீந்தி, கரையேறி, சைக்கிள் மிதித்து, அதன்பின் ஓடி, உலக வரலாற்றில் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதவிருக்கிறார் என்பதை இதனால் அறிவிக்கிறோம்.

உலகத்துக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது. வீட்டுக்குத் தெரியும். அது போதாதா?

அந்தப் பெண்மணி வேறு யாருமல்ல, நம் அம்மணிதான். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைப் போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் முன்னறை காலியானது. வீட்டில் ஓர் அறை காலியானால் அதற்கு இரண்டு சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். ஒருவர் அம்மணி. இருபத்திரண்டு வருடமாக ஒரு பல் லேபின் நிலவறையில், ட்யூப் லைட்டுக்கு அடியில், முகம் தெரியாத வாய்களுக்குப் பல் கட்டியாயிற்று. இனி முன்னறை ஜன்னல் ஓரம் தன் சொந்த மேசையைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் பல் கட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

இன்னொருவர் பெரியக்கா. கணவரின் அக்கா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. குடியிருப்பது மூன்றாம் மாடி. அங்கே லிஃப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை. முழங்காலும் ஏறக்குறைய அதே ஏழு மாதமாக ஓடவில்லை. ஆனால் "படி ஏற முடியல" என்று சொல்லும் ரகம் அல்ல அவர். "நாலு நாள் உங்களோட இருந்துட்டுப் போறேன்" என்று வந்தார். இது ஐந்தாவது வாரம்.

பேச்சு சமையலறைச் சாப்பாட்டு மேசையில் முற்றியது.

"ஏம்மா, நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியா?" என்றார் பெரியக்கா. "தையல் வகுப்பு, பாதி. கார் ஓட்டக் கத்துக்கிட்டது, பதினாலே நாள். சமையலறைக்குப் பெயின்ட் அடிக்கிறேன்னு ஆரம்பிச்ச, மூணு சுவரோட நின்னுபோச்சு. இப்ப என்னமோ பந்தயம்னு பேர் குடுத்திருக்கியாமே? அதைச் சொன்ன நேரத்துக்குள்ள முடிச்சுக் காட்டு. ரூம் உனக்கு. முடிக்கலைன்னா எனக்கு."

"சரிங்க அண்ணி," என்றாள் அம்மணி. நாலாவது சுவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

கணவர் நடுநிலை வகித்தார். அது அவருக்கு உத்தியோகம். எடையளவுத் துறையில் ஆய்வாளர். கடைத் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் கம்பியைக் கோத்து, ஈயக் குண்டை இடுக்கியால் நசுக்கிச் சீல் வைப்பார். முப்பத்தோரு வருடம், ஒரு லட்சத்துச் சொச்சம் சீல். அவர் வைத்த சீலை இதுவரை ஒருவனும் அசைத்ததில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இனி ஏரிக்கரை.

ட்ரையத்லான் என்று இதற்குப் பெயர். எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்தால் மெடல். தாண்டினால் ஒரு வாழைப்பழம்.

ஊதல் ஒலித்தது. முந்நூறு பேர் ஒரே சமயத்தில் தண்ணீரில் விழுந்தார்கள்.

"எல்லாத் தலையிலயும் ஒரே மஞ்சள் தொப்பி. இதுல நம்ம ஆள் எதுடா?" என்று கேட்டார் பெரியக்கா. மடக்கு நாற்காலியும் குடையுமாக வந்து, வேலியோரம் நல்ல இடம் பிடித்திருந்தார்.

"கடைசிலேர்ந்து எண்ணிக்கிட்டு வாக்கா. சீக்கிரம் கிடைச்சிடுவா."

அங்கே தண்ணீரில் அம்மணிக்கு எதுவுமே தெரியவில்லை. மிதவையைப் பார்த்து நீந்துங்கள் என்று நீச்சல் கிளப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மைனஸ் ஆறு பவருக்கு மிதவை என்பது வானத்தில் யாரோ துப்பிய ஆரஞ்சுச் சாறு. ஆகவே அவள் தனக்கு முன்னால் உதைத்துக்கொண்டிருந்த இரண்டு குதிகால்களை நம்பினாள். நல்ல குதிகால்கள். வெடிப்பு இல்லாதவை. இப்படிப் பாதத்தைப் பராமரிக்கிறவர் வழி தவற மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. முப்பத்தோராவது நிமிடத்தில் குதிகால்களும் கரையேறின, அம்மணியும் கரையேறினாள்.

நீச்சல் முடிந்தது. தையல் வகுப்பு இவ்வளவு தூரம்கூட வந்ததில்லை.

சொட்டச் சொட்ட ஓடிவந்து, கம்பி வேலி போட்ட சைக்கிள் நிறுத்தத்துக்குள் நுழைந்தாள். ஹெல்மெட் சைக்கிளிலேயே தொங்கியது. காலணி, மூக்குக்கண்ணாடி, நெஞ்சில் கட்டும் எண் மூன்றும் பைக்குள். சைக்கிளையும் பையையும் முதல் நாளே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சனிக்கிழமை லேபில் அவசர வேலை இருந்ததால், அந்தப் பொறுப்பைக் கணவரிடம் விட்டிருந்தாள்.

பையை எடுத்து ஜிப்பை இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள்.

மூக்குக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள். ஜிப்பின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து முறுக்குக் கம்பி கோத்திருந்தது. கம்பியின் முனையில் உருண்டையாக, அழகாக, அரசாங்கத்தனமாக ஓர் ஈயச் சீல்.

"என்னங்க!"

அந்த அழைப்பு ஏரியின் அக்கரை வரை கேட்டது. கணவர் மட்டும் பெருமிதத்தோடு வேலிக்கு வந்தார்.

"என்ன, பத்திரமா இருந்துச்சா?"

"பைக்கு யாரு சீல் வச்சது?"

"நான்தான். பின்ன? முன்னூறு பேர் நடமாடுற திறந்த வெளி. உன் கண்ணாடியே என்ன விலை! சீல் இல்லாம விட்டுட்டு வர நான் என்ன கேனையனா?"

"இதை எப்படிங்க திறக்குறது?"

முப்பத்தோரு வருடமாகச் சீல் வைத்தவருக்கு, சீல் வைத்த பொருளை அதன் சொந்தக்காரர் அவசரமாகத் திறக்க விரும்பக்கூடும் என்பது அன்றைக்குத்தான் உதித்தது.

பெரியக்கா முதலில் சிரித்தார். நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். பிறகு ஏதோ யோசனை ஓட, சிரிப்பு பாதியில் நின்றது.

"டேய், வெட்டுடா அதை. சட்டைப் பையில இடுக்கி வச்சிருக்கியே!"

"அப்படியெல்லாம் வெட்ட முடியாதுக்கா. சீலை உடைக்க ஒரு முறை இருக்கு. ரெண்டு சாட்சி வேணும். படிவம் ஒன்பது..."

"படிவத்தைத் தூக்கி ஏரியில போடு! குடு இங்க!"

இடுக்கியைப் பிடுங்கி, வேலிக்குமேல் வீச அவர் கையை ஓங்கியபோது காதைக் கிழிக்கிற மாதிரி ஊதல் கேட்டது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் நடுவர் ஓடிவந்தார்.

"வெளியாள் எதையும் உள்ள குடுக்கக் கூடாது! குடுத்தா இவங்களைப் பந்தயத்திலேர்ந்து எடுத்துடுவோம்!"

"எந்த விதி?" என்றார் ஆய்வாளர்.

"நாலாவது விதி, மூணாவது உட்பிரிவு."

"எழுத்துல இருக்கா?"

"இருக்கு சார்." நடுவர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

ஆய்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் ஒரு கனிவு படர்ந்தது. அட்டை நல்ல தடிமன், எழுத்து தெளிவு, உட்பிரிவுகளுக்கு ஒழுங்கான எண்.

"ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க," என்றார்.

"நன்றி சார். போன வருஷம் உட்பிரிவே கிடையாது. நான் வந்துதான் சேர்த்தேன்."

"அடடா!"

"ரெண்டு பேரும் அப்புறம் கொஞ்சிக்கங்க!" என்று கத்தினார் பெரியக்கா. "எட்டு நிமிஷம் போச்சு! ஏம்மா, இங்க பாரு, நான் இதை வீசுறேன், நீ பிடி..."

"அண்ணி, வேண்டாம்! என்னை வெளிய அனுப்பிடுவாங்க!"

"அதுக்குன்னு? நீ தோத்தா நேரா தோக்கணும்டி! என் தம்பி பையைப் பூட்டினதால தோத்தேன்னு ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவ. அந்த ரூம்ல நான் எப்படிப் படுத்துத் தூங்குறது?"

அம்மணி தரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு, ஜிப்பின் நீளம் முழுக்கக் கட்டைவிரலை ஓட்டினாள். எங்கே பிடிப்பு இருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று தடவியே கண்டுபிடிப்பது அவளுடைய பிழைப்பு. ஒரு பல்செட் எந்த இடத்தில் வாயைக் கடிக்கும் என்பதை அந்தக் கட்டைவிரல் சொல்லிவிடும், பல்செட்காரர் அலறுவதற்கு முன்பே. ஜிப்பின் நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. ஹெல்மெட் வாரின் கொக்கி முனையை அங்கே வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

பை நடுவில் வாயைப் பிளந்தது.

கையை விட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். காலணியைக் கட்டினாள். எண்ணை மாட்டினாள். பதினோரு நிமிடம் பாழாகியிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"வெளி உதவி இல்லை. செல்லும்," என்று சிவப்புத் தொப்பி அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகு பையை எடுத்து வேலிப் பக்கமாகக் காட்டினார். "சார், உங்க சீலுக்கு ஒண்ணும் ஆகலை. அப்படியே இருக்கு."

அப்படியேதான் இருந்தது. கம்பி முறுக்குக் குலையவில்லை. ஈயத்தில் ஒரு கீறல் இல்லை. பை மட்டும் காலி.

ஆய்வாளர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் மடக்கு நாற்காலியில், அக்காவைக் கேட்காமலே, உட்கார்ந்தார்.

"அக்கா."

"என்னடா?"

"சீல் உடையல. ஆனா உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு."

"ஆமா. பார்த்தேன்."

"அப்ப இந்த முப்பத்தோரு வருஷத்துல... ஒரு லட்சம் தராசுக்கா..."

"தண்ணி குடி," என்றார் பெரியக்கா.

சைக்கிள் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாலைகளை மூடி, போக்குவரத்தைத் திருப்பி, சந்திக்குச் சந்தி ஆள் நிறுத்தியிருந்தார்கள். அம்மணியைத் தாண்டிச் சென்றவர்களில் ஒருவருக்கு எழுபது வயது இருக்கும். போகிற போக்கில், "விடாம வாம்மா" என்று ஆசி வேறு வழங்கினார்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு சிக்னல் சிவப்பாக இருந்தது. அம்மணி நிறுத்தினாள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பச்சைக்காகக் காத்திருந்தாள்.

தொண்டர்கள் கையை ஆட்டினார்கள். அவளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

"மேடம், போங்க! ரோடே உங்களுக்குத்தான்!"

"சிவப்பு இருக்கே?"

இப்படி முப்பது விநாடி. சட்டத்தை மதிக்கிற வீட்டில் வாக்கப்பட்டால் இதெல்லாம் சகஜம்.

அறுபத்திரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்தி, ஓட்டத்துக்குக் கிளம்பியபோது இரண்டரை மணி நேரத்தில் மீதம் நாற்பத்துநாலு நிமிடம். ஏரியை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பயிற்சியில் அவளுடைய மிகச் சிறந்த நேரம் நாற்பத்தைந்து நிமிடம். அந்தப் பயிற்சி நாளிலோ அவள் ஏரியில் நீந்தவும் இல்லை, சைக்கிள் மிதிக்கவும் இல்லை, தரையில் உட்கார்ந்து பையோடு மல்லுக்கட்டவும் இல்லை.

முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவது சுற்றின் நடுவில் கால் மக்கர் பண்ணியது. தொடையில் யாரோ கம்பி கோத்து முறுக்கினார்கள். ஓட்டம் நடையானது. நடை தயக்கமானது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியக்கா. குடையைக் கைத்தடியாக ஊன்றி, நல்ல காலை முன்வைத்து, மோசமான காலை இழுத்து, முந்நூறு மீட்டர் நடந்து வந்திருந்தார். தம்பியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, தோற்பவளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்றுதான் வந்தார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"என்ன, நின்னாச்சா?"

"முடியல அண்ணி."

"கார் வகுப்பை எத்தனையாவது நாள் விட்ட?"

"பதினாலு."

"ஏன் விட்ட?"

"அந்த ஆள்... வாத்தியார்... என்னைப் பார்த்து, உனக்கு இதெல்லாம் வராதும்மான்னான்."

பெரியக்காவுக்கு இது புதுச் செய்தி. முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர். ஒரு மாணவியிடம் எந்த வாத்தியார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் மறுநாள் அவர் மேசை வராந்தாவுக்குப் போகும்.

"எவன்டி அவன்?" என்றார்.

"இப்ப எதுக்கு அண்ணி அது..."

"அந்தத் தடிப்பயல் சொன்னான்னு விட்டுட்டியா? நான் ஒருத்தி வீட்டுல தினமும் சொல்றேனே, அதுக்கு மட்டும் ரோஷம் வந்து ஏரியில குதிக்கத் தெரியுது? ஓடு! காலைத் தூக்கு! முழங்காலை மடக்கு! உனக்கு மடங்குதுல்ல? எனக்குத்தான் மடங்கல! ஓடுடி!"

குரல் காலை இறைவணக்கத்தில் எண்ணூறு பிள்ளைகளை அடக்கிய குரல். அம்மணி ஓடினாள். அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த, இதில் சம்பந்தமே இல்லாத நான்கு பேரும் ஓடினார்கள்.

பெரியக்கா குடையை உயர்த்தி இன்னொரு முறை கத்த வாயெடுத்தார். அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். ஐந்து விநாடி மூடியபடியே இருந்தார். பிறகு, "கையை வீசு, கையை!" என்று முன்னைவிடப் பலமாகக் கத்தினார்.

முடிவுக் கோட்டில் பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து ஆய்வாளர் அங்கே வந்துவிட்டிருந்தார். கையில் ஸ்டாப்வாட்ச். அலுவலகத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அவரே சான்றிட்டு, அவரே கையெழுத்தும் போட்டது. ஆறு மணி ஊதலுக்கு அமுக்கியது.

அம்மணி கோட்டைக் கடந்தாள். கடந்தபின் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தாள்.

பெரிய கடிகாரம்: இரண்டு மணி, இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தேழு விநாடி.

ஆய்வாளரின் கட்டைவிரல் அமுக்கியது. வாட்ச்: இரண்டு மணி, முப்பது நிமிடம், இரண்டு விநாடி.

நொண்டிக்கொண்டே பெரியக்கா வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"அந்தக் கடிகாரத்தை நான் நம்ப மாட்டேன். நீ சொல்லுடா தம்பி. உன் வாட்ச் என்ன சொல்லுது?"

ஆய்வாளர் வாட்சைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, தன் மெடலைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அக்காவின் முழங்காலைப் பார்த்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு கிராமுக்கும் அவர் கண்ணை மூடியதில்லை.

"அமுக்க மறந்துட்டேன்க்கா," என்றார். வாட்சைப் பூஜ்ஜியமாக்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

பெரியக்கா தம்பியின் காதுகளைப் பார்த்தார். எட்டு வயதில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, தெரியாது என்று அவன் சாதித்த அன்று பார்த்த அதே சிவப்பு.

"மறந்துட்டியா? சரி," என்றார்.

காரில் முன்சீட்டைப் பெரியக்கா அம்மணிக்கு விட்டுக்கொடுத்தார். ஐந்து வாரத்தில் இது முதல் தடவை.

"ரூம் உனக்குத்தான். பேச்சுன்னா பேச்சுதான்," என்றார் பின்னாலிருந்து.

"அண்ணி, நீங்க மட்டும் அங்க வந்து நிக்கலைன்னா..."

"அதை விடு. மேசையை எங்க போடுவ?"

அவ்வளவுதான், அம்மணிக்குக் கால்வலி பறந்துவிட்டது. ஜன்னலுக்கு நேரே மேசை. வலப்பக்கம் மெருகேற்றும் மோட்டார். மெழுகு உருக்கும் அடுப்புக்கு மூலையில் இடம். சுவர் நீளத்துக்கு அச்சுகள் வைக்கிற அலமாரி. பெயின்ட்கூட அவளே அடிக்கப் போகிறாள், இந்தத் தடவை நாலு சுவரும். ஆய்வாளர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். கண்ணாடியில் பார்த்தால், பின்சீட்டில் பெரியக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, கைப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கார் தெருவுக்குள் திரும்பியது. வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சாமான் வண்டி நின்றது. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, கயிறு கட்டிய பதினோரு அட்டைப்பெட்டிகள்.

"யாரோ குடி வர்றாங்க போலிருக்கே," என்றாள் அம்மணி. கழுத்தில் மெடல் ஆடியது.

மூன்றாம் மாடி வீட்டைப் பெரியக்கா வெள்ளிக்கிழமையே காலி செய்து, வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டிருந்தார்.